கண்ணில் ஒரு மேகம்

அத்தியாயம் ஏழு

நெட்டையின் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. விலா எலும்பில் மூன்று போயிருந்தன. வலது கை விரல்களை யாரோ செங்கல்லால் ஒவ்வொன்றாக நசுக்கியிருந்தார்கள். நசுங்காத இடது கையைப் போலீஸ் கட்டில் கம்பியோடு சேர்த்து விலங்கிட்டு வைத்திருந்தது.

“ஓடிடுவான்னு பயம் போல,” என்றான் மீட்டர். “இந்த நிலைமையில இவன் எழுந்து ஓடினா, நானே கைதட்டி வழியனுப்புவேன்.”

“மெதுவாப் பேசு. அவன் பொண்டாட்டி நிக்குது,” என்றார் அக்கா.

அக்கா இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலை பார்த்தவர். கை போச்சு, கால் போச்சு, கண் போச்சு என்று வந்த மருத்துவக் காகிதங்களை மலை மலையாகப் படித்து, எந்தக் கை உண்மையிலேயே போனது என்று சொன்னவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். மீட்டர் அவருடைய உதவியாளன். முன்பு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன். வேலை போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. வாயும் மீட்டர்தான், ஆள் உட்கார்ந்தாலும் அது ஓடும்.

“அவரு செய்யலைங்க,” என்றாள் நெட்டையின் மனைவி. “வீட்டுல ஒரு பல்லிய அடிக்கணும்னாகூட என்னைத்தான் கூப்பிடுவாரு.”

முந்தாநாள் மதியம், சாப்பாட்டு வேளையில், சாயப்பட்டறை முதலாளியின் மண்டையை யாரோ சாயம் கலக்கும் கட்டையால் பிளந்திருந்தார்கள். அதோடு விடாமல் தூக்கி நீலத் தொட்டிக்குள் தலைகீழாக அமுக்கியிருந்தார்கள். வெளியே எடுத்தபோது முதலாளியின் முகம் பேனா மைக் குப்பிக்குள் இருந்து வந்தது போல இருந்ததாம். முதல்நாள்தான் அவர் நெட்டையை எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருந்தார். அது போதுமானதாக இருந்தது. போலீஸ் வருவதற்குள் கூட வேலை செய்தவர்களே நெட்டையை முற்றத்தில் போட்டுத் துவைத்துவிட்டார்கள்.

நெட்டை கம்பி கட்டிய தாடைக்குள்ளிருந்து ஏதோ முனகினான். அக்கா குனிந்தார்.

கதவு உதைபட்டுத் திறந்தது.

பழுப்புச் சட்டை போட்ட இரண்டு பேர். பட்டறை ஆட்கள். முன்னால் வந்தவன் கையில், ஈரத் துணியைத் தொட்டியிலிருந்து தூக்கும் இரும்புக் கொக்கி.

“தள்ளிக்கங்க. கோர்ட்டுக்குப் போனா இவன் வெளியே வந்துடுவானாம். நாங்க இங்கேயே முடிச்சுக்கறோம்.”

“யார் சொன்னது?” என்றார் அக்கா.

பதிலுக்குக் கொக்கி உயர்ந்தது. நெட்டையின் மனைவி குறுக்கே விழுந்தாள். கொக்கியின் முனை அவள் தோளைக் கிழித்துக்கொண்டு கட்டிலில் இறங்கியது. அதை அவன் பிடுங்குவதற்குள் மீட்டர் சலைன் ஸ்டாண்டை வேரோடு பிடுங்கி வீசினான். பாட்டில் கொக்கிக்காரன் முகத்தில் உடைந்தது. இரண்டு பற்கள் தரையில் உருண்டன. இரண்டாமவன் பாய்ந்தபோது அக்கா உட்கார்ந்திருந்த இரும்பு முக்காலி அவன் முழங்காலைச் சந்தித்தது. ஏதோ முறிந்த சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

“எலும்பு டாக்டர் இந்த மாடிதான்,” என்றான் மீட்டர், மூச்சு வாங்கிக்கொண்டு. “தவழ்ந்தே போயிடலாம்.”

இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். காவலுக்கு இருந்தவன் டீ குடிக்கப் போயிருந்தான். விழுந்தவர்களை இழுத்துக்கொண்டு போனபிறகு அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

“நீங்க வீணா அலையறீங்க. நாலு மணிக்குக் கலர் மாஸ்டர் மாஜிஸ்திரேட் முன்னாடி வாக்குமூலம் கொடுக்கறார். அதோட இவன் கதை முடிஞ்சது.”

“மாஸ்டர் முகத்தைப் பார்த்தாரா?”

“முகத்துல துண்டு. கூடம் பூரா நீராவி. ஆனா சட்டை பழுப்பு. அந்தப் பட்டறையில பழுப்புச் சட்டை பதினெட்டு பேர். பதினேழு பேர் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தாங்க. இவன் மட்டும் கிடங்குல தூங்கினானாம். சாட்சி யாருன்னா, துணி மூட்டை.”

“பழுப்புதான்னு மாஸ்டருக்கு நிச்சயமா?”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். “முப்பது வருஷமா கலர் பார்க்கறவர். பழுப்புலயே நாப்பது பழுப்பு சொல்வார். அவர் கண்ணைச் சந்தேகப்பட்டா அப்புறம் சூரியனைத்தான் சந்தேகப்படணும்.”

“கொன்னவன் எந்தப் பக்கமா ஓடினான்?”

“முன்வாசல் வழியா. மாஸ்டர் மேஜையை உரசிக்கிட்டுப் போயிருக்கான்.”

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால்.

*

சாயக்கூடம் நீளமானது. இரண்டு பக்கமும் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நீராவிக் குழாய், குழாய்க்கு ஒரு வட்ட வால்வு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். முதலாளி செத்தாலும் வேலை நிற்கவில்லை. நனைந்த துணி ஆறினால் பாழாகிவிடும். இங்கே வேலை செய்பவர்களுக்குப் பழுப்புச் சட்டை. பாய்லர் அறை ஆட்களுக்குச் சிவப்பு. யார் எங்கே நிற்கிறான் என்பது தூரத்திலேயே தெரியவேண்டும் என்று முதலாளி செய்த ஏற்பாடு. பழுப்பைத் தேடிய போலீஸ் சிவப்புச் சட்டைக்காரர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பாய்லர்காரரே வந்து கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நாற்பத்தைந்து வயது. கனத்த தோள். கையில் முழங்கை வரை தோல் உறை. “நல்ல மனுஷன், பாவம்,” என்றார் நீலத் தொட்டியைக் காட்டி. “அந்த நெட்டைப் பயலை மட்டும் விடாதீங்க.”

அவர் போனதும் மீட்டர் சொன்னான்: “கவனிச்சீங்களா? பாய்லர் ஆளுங்க எல்லாம் கரிமூட்டை மாதிரி இருக்காங்க. இவர் மட்டும் கல்யாண மாப்பிள்ளை. சட்டையில கடை மடிப்புகூடக் கலையல.”

“கவனிச்சேன். இப்ப நட. தொட்டியிலேர்ந்து முன்வாசல் வரைக்கும் எத்தனை அடின்னு எண்ணு.”

அறுபத்து நான்கு. நாற்பதாவது அடியில், வடக்கு ஜன்னலுக்குக் கீழே மாஸ்டரின் மேஜை. அதே நீலத் தொட்டியிலிருந்து பின்கதவு எத்தனை அடி? இரண்டு. பின்கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.

“ரெண்டு அடியில கதவு,” என்றார் அக்கா. “கையில ரத்தம். ஆனா அவன் அறுபத்து நாலு அடி ஓடறான். அதுவும் கூடத்துல இருந்த ஒரே மனுஷன் மூக்குக்கு முன்னாடி.”

“பயத்துல திசை தப்பியிருக்கும்.”

“இல்ல, அந்த மனுஷன் பார்க்கணும்னே ஓடியிருக்கணும்.”

மேஜைக்குப் பின்னால் ஐந்தாறு மூட்டைகள் சுவரோடு அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. அக்கா வாசித்தார். ‘சிவப்பு அதிகம். திருப்பி அனுப்பப்படுகிறது.’ அடுத்ததிலும் அதுதான். எல்லாம் கடந்த இரண்டு மாதத்துத் தேதி. மீட்டர் ஒரு மூட்டையைப் பிரித்தான். வாடிக்கையாளர் கொடுத்த மாதிரித் துணி இளம் ரோஸ். அனுப்பிய துணி வெட்டுக்காயம் மாதிரி இருந்தது.

“நாக்கு செத்தவன் சமைச்சா உப்பை அள்ளிக் கொட்டுவான், அந்தக் கதையா இருக்கு,” என்றான் மீட்டர். “காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னா, மாஸ்டர் கண்ணுக்குக் கண்டதெல்லாம் சிவப்பு போல.”

அக்கா நின்றுவிட்டார். “தப்பு. கண்டதெல்லாம் சிவப்புன்னா குறைச்சு இல்ல போடுவார்? முதல்ல சொன்னியே, அதான் சரி. நாக்கு செத்தவன்தான் உப்பைக் கொட்டுவான்.”

மீட்டரின் வாய், வேலையில் சேர்ந்ததிலிருந்து இரண்டாவது முறையாக, திறந்தபடியே நின்றது.

“மாஸ்டர் வீடு எங்கே?” என்றார் அக்கா.

*

வீடு பட்டறைக்குப் பின் சந்தில். மாஸ்டரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். சுவரில் இருபது வயதுப் பையன் ஒருவனின் படம்.

“என் தம்பிங்க, எங்க வீட்டுக் கடைக்குட்டி. போன வருஷம் பாய்லர் வெடிச்சப்போ…” அவள் முடிக்கவில்லை. “எங்க அண்ணன்தான் இப்ப பாய்லரைப் பார்க்கறான். பார்த்திருப்பீங்களே.”

அக்காவும் மீட்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்குப் பழக்கம் வேண்டும்.

“வீட்டுக்காரருக்குக் கண்ணு எப்படி இருக்கும்மா?”

“ரெண்டு மாசமா சரியில்லைங்க. முதல்ல செக்கச்செவேல்னு ஆச்சு. வெளிச்சம் பட்டா துடிப்பாரு. கொசு பறக்குது, கொசு பறக்குதுன்னு காத்துல கையை வீசுவாரு. நான் பார்த்தா ஒண்ணும் இருக்காது.”

“டாக்டர்கிட்ட போனாரா?”

“போனாரு. ஊசியோ என்னமோ குத்தி ரத்தம்கூட எடுத்தாங்களாம். திரும்பி வந்து, அந்தா அந்த ரூம்ல அண்ணன்கிட்ட ரகசியமா பேசிட்டு இருந்தாரு. என் காதுல ஒரு வார்த்தைதான் விழுந்தது. மேகம்னாரு. பாவம், கண்ணுல மேகம் மாதிரி திரை விழுந்திருக்கு போலன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் அண்ணன்தான் வாராவாரம் சொட்டு மருந்து வாங்கிட்டு வந்து தர்றான். சிவப்பெல்லாம் போயிடுச்சு.”

சந்துக்கு வந்ததும் மீட்டர் கேட்டான்: “மேகம்னா கண்புரைதானே அக்கா?”

“புரையைப் புரைன்னு சொல்ல எவனும் ரூம் கதவைச் சாத்தமாட்டான். மேகம்னா மேகநோய். டாக்டருங்க சிபிலிஸ்ம்பாங்க.”

“அது… எங்கேயோ வர்ற வியாதியாச்சே. கண்ணுக்கு எந்தப் படியில ஏறிச்சு?”

“ரத்தத்துல. வந்த சுவடே இல்லாம வருஷக்கணக்கா பதுங்கிக் கிடக்கும். திடீர்னு கண்ணைப் பிடிக்கும். உள்ளே வீங்கும், வெளிச்சம் கூசும், கண்ணு முன்னாடி புள்ளி புள்ளியா பறக்கும். கண் நரம்பைப் பிடிச்சுதுன்னா நிறம் வெளுக்கும். முக்கியமா சிவப்பு. செத்த சிவப்பா, பழுப்பா தெரியும். நான் பார்த்த கண் போன கேஸுல ஏழு இந்த ரகம். வேற ஏதோ கண் வியாதின்னு நினைச்சுச் சொட்டு மருந்து மட்டும் போட்டுட்டு இருந்தவங்க. நேரத்துக்குப் பென்சிலின் ஏத்தியிருந்தா முக்கால்வாசிப் பேருக்குக் கண் பிழைச்சிருக்கும்.”

மீட்டர் மெதுவாகச் சொன்னான்: “அப்ப நாலு மணிக்கு மாஸ்டர் பொய் சொல்லப் போறதில்ல.”

“சத்தியமா சொல்லமாட்டார். கண்ணு சொன்னதை அப்படியே சொல்வார். நெட்டை தொங்குவான். நீ போய் ஒரு சிவப்புச் சட்டை திருடிட்டு வா.”

“திருடறதா? பாய்லர் ரூம்ல ரீடிங் எடுக்கப் போறேன்.”

*

மணி இரண்டரை. மாஸ்டர் வடக்கு ஜன்னலுக்குக் கீழே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி மாதிரி சுத்தமான மனிதர். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“பழுப்புதாம்மா,” என்றார் மாஸ்டர். “அதுவும் நம்ம பழுப்பு. நான் போட்ட சாயம் எனக்குத் தெரியாதா?”

“தெரியும்தான். கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

நீராவிக்குள்ளிருந்து ஒருவன் வந்துகொண்டிருந்தான். மாஸ்டர் கை சொடுக்கினார். “ஏய், சாயக்கூடத்து ஆளு! புதுசா? இவங்களுக்குத் தண்ணி கொண்டா.”

“நான் பாய்லர் ஆளு மாஸ்டர்,” என்றான் மீட்டர்.

“பழுப்புச் சட்டையை மாட்டிக்கிட்டு பாய்லர் ஆளுங்கற? என்கிட்டேயே விளையாட்டா?”

மீட்டர் நெருங்கி வந்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்றான். ரத்தச் சிவப்பில் சட்டை. பக்கத்துத் தொட்டியில் துணி திருப்பிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மாஸ்டர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு கையை நீட்டிச் சட்டை நுனியைத் தொட்டார். துணிக்காரன் கை, நிறத்தையும் விரலில் தேடியது.

“எப்பலேர்ந்து மாஸ்டர்?” என்றார் அக்கா.

மாஸ்டர் சட்டை நுனியை விடவில்லை. “ஆறு வாரம் முன்னாடி டாக்டர் சொன்னார். பதினாலு நாள் படுத்து மருந்து ஏத்திக்கணும், நாள் தள்ளாதீங்கன்னார். வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வாங்கன்னார். இருபது வருஷம் முன்னாடி, கல்யாணத்துக்கு முன்னாடி செஞ்ச கர்மம். இப்ப அவகிட்ட என்னன்னு சொல்றது? மச்சான்தான், ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிடும், அதே டாக்டர் கொடுக்கற சொட்டு இருக்கு, போட்டா சரியாயிடும்னார். போட்டேன். வலி நின்னுச்சு. கண்ணுல இருந்த சிவப்பு போச்சு.” அவர் சிரிக்க முயன்றார். “உலகத்துல இருந்த சிவப்பும் போச்சு.”

“உங்களுக்குச் சிவப்பு தெரியலைன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. ஒருநாள் சிவப்பு வால்வைத் திறக்கச் சொன்னாங்க, நான் பக்கத்து வால்வைத் திறந்துட்டேன். மச்சான் மட்டும்தான் பார்த்…”

சொல் பாதியில் அறுந்தது.

“அதான் அறுபத்து நாலு அடி,” என்றார் அக்கா. “உங்க கண்ணு முன்னாடி ஓடினா சிவப்புச் சட்டை பழுப்பாயிடும்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவர்தான். ஊர் உலகம் நம்பற கண்ணு வேற. நெருப்புக் கையில இருக்கறவருக்குப் பழைய சட்டையை எரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? புதுச் சட்டை மடிப்புக் கலையறதுக்குத்தான் நேரம் ஆகுது.”

நெருப்புக் கிளறும் கம்பி இன்ஸ்பெக்டரின் கையில்தான் முதலில் இறங்கியது. அவர் உருவ முயன்ற துப்பாக்கி தொட்டிக்குள் விழுந்தது. பாய்லர்காரர் எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது அடி மீட்டரின் தோளில். அவன் சுருண்டான். மூன்றாவது அடிக்குக் கம்பியை வீணாக்காமல், மாஸ்டரின் பிடரியைப் பிடித்து இழுத்துக் கொதிக்கும் தொட்டியின் விளிம்பில் சாய்த்தார்.

“எவனாவது கிட்ட வந்தா இவன் மூஞ்சி வெந்துடும்!”

“மச்சான்…”

“வாயை மூடு! நீராவி மிஞ்சினா தானாத் திறக்கற பாய்லர் வால்வைக் கம்பி போட்டுக் கட்டச் சொன்னது அந்த முதலாளி. வெந்து செத்தது என் தம்பி. பையன் தூங்கிட்டான்னு விசாரணையில எழுதி வச்சான். கம்பி கட்டியிருந்ததை நான் பார்த்தேன், எவன் கேட்டான்?”

“நெட்டை என்ன பாவம் செஞ்சான்?” அக்கா நகராமல் கேட்டார். “அவனை முற்றத்துல போட்டு முதல்ல மிதிச்சது யாரு? இன்னைக்கு வார்டுக்குக் கொக்கியோட ஆள் அனுப்பினது யாரு?”

“பழுப்புல எவன் மாட்டியிருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்.”

“இவர் கண்ணு?”

பாய்லர்காரர் சிரித்தார். “அது நல்லாயிட்டா எனக்கு என்ன பிரயோஜனம்?”

பிடரியில் அழுந்திய அந்தக் கைக்குக் கீழே மாஸ்டர் அதுவரை துவண்டுதான் கிடந்தார். அந்த வார்த்தைக்குப் பிறகு துவளவில்லை. அவர் கை தொட்டியின் விளிம்பைத் தடவியது. ஒரு குழாய். இரண்டாவது குழாய். முப்பது வருடமாகத் தொட்ட வட்ட இரும்பு. நிறம் பார்க்காமல் அதைப் பிடித்து ஒரே திருகு திருகினார்.

நீராவி அலறிக்கொண்டு பாய்லர்காரரின் தோல் உறைகளுக்குள் புகுந்தது. அவர் அலறல் அதற்கும் மேலே கேட்டது. உறைகளைப் பிய்த்து எறிந்துவிட்டு அவர் தரையில் புரண்டார். மீட்டர் ஒற்றைக் கையோடு அவர் மேல் விழுந்து முட்டியால் கழுத்தை அழுத்தினான்.

“அக்கா, இங்க பாருங்க.”

உறை கழன்ற கைகள் வெந்து சிவந்திருந்தன. பத்து நகமும் நீலம். பாய்லர் அறைக்கும் சாயத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

“சட்டையை எரிச்சீங்க,” என்றான் மீட்டர். “நகத்தை என்ன பண்றதுன்னு யோசிக்கலையே அண்ணே. சாயம் வெளுத்துப் போச்சு.”

*

நான்கு மணிக்கு மாஜிஸ்திரேட் அறைக்கு வெளியே, நீண்ட பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். முற்றத்தில் பழுப்புச் சட்டைகள் கூட்டமாக நின்றிருந்தன. நெட்டையின் விரல்களை நசுக்கியவனும் அதில் ஒருவன்.

“சிவப்புன்னே சொல்லிடறேனே,” என்றார் மாஸ்டர் தணிந்த குரலில். “இப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. நெட்டையும் தப்பிச்சிடுவான். வியாதி பேரைச் சொல்ல வேண்டாம். பிழைப்பும் மிஞ்சும்.”

“முந்தாநாள் பழுப்புன்னு ஏன் சொன்னீங்கன்னு கேப்பாங்களே?” என்றார் அக்கா. “ஒருநாள் பழுப்பு, ஒருநாள் சிவப்புன்னா சாட்சியே குப்பைக்குப் போயிடும். பட்டறையில அவர் கத்தினதை ஆத்திரத்துல உளறினதும்பான் வக்கீல், நகத்துல சாயம் எந்தப் பட்டறைக்காரனுக்கு இல்லன்னும் கேப்பான். போலீஸ் திரும்பவும் பழுப்புச் சட்டையைத்தான் தேடும். நெட்டை மறுபடி உள்ளே போவான். இன்னைக்குக் கொக்கி அவன் பொண்டாட்டி தோளோட நின்னுது.”

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே அவர் மனைவி நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் அக்கா சொல்லியாகிவிட்டது. ஒரே மதியத்தில் அவளுக்கு மிச்சம் இருந்த அண்ணனும் போய்விட்டான். அவனைக் காட்டிக்கொடுத்தது அவள் சொன்ன ஒரு வார்த்தை.

“மேகம்னா அதுவா?” என்றாள்.

மாஸ்டர் தலையசைத்தார்.

“எனக்கும் இருக்குமா?” இது அக்காவிடம்.

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரத்தம் பார்த்தா தெரிஞ்சிடும். இருந்தா ஊசியிலயே தீர்ந்துடும். இன்னைக்கே ரெண்டு பேருமா போங்க. ஆஸ்பத்திரியில இடம் சொல்லி வச்சிருக்கேன்.”

“இவர் கண்ணு?”

“டாக்டர் சொன்னப்பவே போயிருந்தா நிறையத் திரும்பியிருக்கும். இப்பவும் கொஞ்சம் திரும்பலாம். நாளைக்குன்னு தள்ளினா அதுவும் இல்ல.”

அவள் புருஷனை நெருங்கினாள். அடிப்பாள் என்றுதான் மீட்டர் நினைத்தான். ஒரு அடி பின்னால்கூட நகர்ந்தான்.

உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

மாஜிஸ்திரேட்டின் மேஜை மேல், பாய்லர்காரரின் அந்தப் புதுச் சட்டையை விரித்து வைத்திருந்தார்கள். ஜன்னல்களும் கதவும் திறந்திருந்தன. முற்றத்திலிருந்து பதினைந்து முகங்கள் எட்டிப் பார்த்தன.

“இது என்ன நிறம்?”

மாஸ்டர் குனிந்து பார்த்தார். விடை என்னவென்று இப்போது அவருக்குத் தெரியும். அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எழுத்தர் அதை எழுதத் தயாராகவே பேனாவை வைத்திருந்தார். மாஸ்டர் ஒரு முறை பின்னால் திரும்பி மனைவி இருந்த திசையைத் தேடினார்.

“பழுப்புங்க ஐயா,” என்றார்.

முற்றத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

“நல்லாப் பார்த்துட்டேங்க. எனக்குப் பழுப்பாத்தான் தெரியுது. இது சிவப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. சிவப்பாத்தான் இருக்கும். என் கண்ணுல மேகநோய் இறங்கியிருக்குங்க ஐயா. அன்னைக்கும் இதே பழுப்பைத்தான் பார்த்தேன்.”

எழுத்தரின் பேனா ‘மேக’ வரைக்கும் எழுதிவிட்டு நின்றது. அவர் தயக்கத்தோடு மாஜிஸ்திரேட்டை நிமிர்ந்து பார்த்தார்.

“எழுதுங்க,” என்றாள் பின்னாலிருந்து மாஸ்டரின் மனைவி.

பேனா ஓடியது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பழுப்புச் சட்டைகளில் ஒருவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்து, நெட்டையின் விலங்கைக் கழற்றச் சொல்லி ஆள் அனுப்பினார்.

மாஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். வெயில் முகத்தில் அடித்ததும் கண் கூசி நின்றுவிட்டார். கூட்டம் விலகியது, ஒருவரும் கை கொடுக்கவில்லை.

அவர் மனைவி வந்து முழங்கையைப் பிடித்தாள்.

“மூணு படி இருக்கு,” என்றாள். “பார்த்து…”

அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிட்டாள்.

“நான் எண்ணறேன். வைங்க காலை. ஒண்ணு.”